மீன் தொட்டிக்கு எத்தனை மி.மீ. கண்ணாடி? வீட்டிலேயே கட்டத் தொடங்குவோருக்கு

கண்ணாடிக் கடையில் அளவுத்தாளை நீட்டியதும் வெட்டுபவர் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை எம்எம்?" நீளம், அகலம், உயரம் மூன்றையும் எழுதிக்கொண்டு போயிருப்போம். தடிமனுக்கு மட்டும் கையில் பதில் இருக்காது. "நீங்களே பார்த்துப் போடுங்கள்" என்று அவரிடமே விட்டுவிடுவோரும் உண்டு. அப்படிச் செய்யாதீர்கள். அவர் மேசைக்கும் சன்னலுக்கும் குளியலறைத் தடுப்புக்கும் வெட்டிப் பழகியவர். ஆண்டுக்கணக்கில் ஒரு நொடியும் ஓயாமல் தண்ணீர் தள்ளிக்கொண்டே இருக்கும் கண்ணாடி வேறு வகை. சிங்கப்பூரில் நாம் பெரும்பாலும் அடுக்குமாடி வீடுகளில் வசிக்கிறோம். தொட்டி விட்டுப்போனால் தண்ணீர் நம் தரையோடு நிற்காது, கீழ்வீட்டுக் கூரையிலும் இறங்கும். ஆகவே அந்த எண் எங்கிருந்து வருகிறது என்பதைத் தெரிந்துகொண்டு கடைக்குப் போவது நல்லது.

உயரத்தைப் பாருங்கள், லிட்டரை அல்ல

புதியவர்கள் பெரும்பாலும் "நூறு லிட்டர் தொட்டிக்கு எவ்வளவு தடிமன்?" என்றுதான் கேட்கிறார்கள். லிட்டரை வைத்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. இரண்டு தொட்டிகளை எடுத்துக்கொள்வோம். முதலாவது 60 செ.மீ. நீளம், 45 அகலம், 45 உயரம். கொள்ளளவு ஏறக்குறைய 121 லிட்டர். இரண்டாவது 120 செ.மீ. நீளம், 45 அகலம், 30 உயரம். கொள்ளளவு 162 லிட்டர். இரண்டாவதில்தான் தண்ணீர் அதிகம், நீளமும் இரட்டிப்பு. ஆனாலும் கணக்குப்படி முதலாவதற்கு 6.4 மி.மீ. தேவை, இரண்டாவதற்கு 4.5 மி.மீ. கூட வேண்டியதில்லை.

காரணம் எளிது. தண்ணீரின் அழுத்தம் ஆழத்தை மட்டுமே பொறுத்தது. மேற்பரப்பிலிருந்து எத்தனை சென்டிமீட்டர் கீழே இருக்கிறோமோ, ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் கண்ணாடியிலும் ஏறக்குறைய அத்தனை கிராம் தள்ளுகிறது. 45 செ.மீ. ஆழத்தில் 45 கிராம், 60 செ.மீ. ஆழத்தில் 60 கிராம். மேலே பூஜ்யம், அடியில் முழு அழுத்தம் என்பதால் சராசரி அதில் பாதி. 90 செ.மீ. நீளமும் 45 செ.மீ. உயரமும் உள்ள முன்பக்கக் கண்ணாடியின் பரப்பு 4,050 சதுர செ.மீ.; அதை 22.5 கிராமால் பெருக்கினால் 91 கிலோ வரும். வளர்ந்த ஆள் ஒருவர் உள்ளிருந்து தம் முழு எடையையும் கண்ணாடிமேல் சாய்த்து நிற்பதற்குச் சமம் அது. அதே தொட்டியின் உயரத்தை 60 ஆக்கினால் 162 கிலோ. பதினைந்து சென்டிமீட்டர் கூட்டியதற்கு எழுபது கிலோ அதிகம்.

அகலத்துக்கு, அதாவது முன்பக்கத்திலிருந்து பின்பக்கம் வரை உள்ள தூரத்துக்கு, முன்கண்ணாடியின் தடிமனில் எந்தப் பங்கும் இல்லை. இடம் இருந்தால் உயரத்தைக் கூட்டாமல் அகலத்தைக் கூட்டுங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வது இதனால்தான். மீனுக்கும் அதுவே நல்லது. அரோவானா வளர்ப்போர் அகலமான தொட்டியைத் தேடுவது அது திரும்புவதற்கு இடம் வேண்டும் என்பதற்காக. டெட்ராவும் கப்பியும்கூடக் கிடைமட்டமாக நீந்துபவைதான். தண்ணீரின் மேற்பரப்பு விரிந்தால் காற்றும் நன்றாகக் கரையும்.

கணக்கைப் போடுவோம்

தொட்டி கட்டுவோர் பரவலாகப் பயன்படுத்தும் ஒரு சூத்திரம் இருக்கிறது. மேல்விளிம்பு திறந்திருக்க, மற்ற மூன்று விளிம்புகளும் பிடித்திருக்கும் கண்ணாடிக்கு, தண்ணீர் விளிம்புவரை நிறைந்திருப்பதாக வைத்துப் போடப்படுவது. கைபேசிக் கணிப்பானே போதும்.

முதலில் நீளத்தை உயரத்தால் வகுங்கள். விடை 1 என்றால் விகித எண் 0.16. 1.5 என்றால் 0.26. 2 என்றால் 0.32. 2.5 என்றால் 0.35. 3 அல்லது அதற்கு மேல் என்றால் 0.37. இடையில் வந்தால் இடைப்பட்ட எண்ணை எடுத்துக்கொள்ளலாம்.

அடுத்து, உயரத்தை மில்லிமீட்டரில் எழுதி, அதை அதனாலேயே பெருக்கி, இன்னொரு முறையும் பெருக்குங்கள். வந்ததை 100,000 ஆல் வகுத்து, விகித எண்ணால் பெருக்கி, 5.05 ஆல் வகுங்கள். கிடைப்பதன் வர்க்கமூலமே மில்லிமீட்டரில் தடிமன்.

மூன்றடித் தொட்டிக்குச் செய்து பார்ப்போம்: நீளம் 90, உயரம் 45. நீளத்தை உயரத்தால் வகுத்தால் 2, ஆகவே விகித எண் 0.32. 450 × 450 × 450 = 91,125,000. நூறாயிரத்தால் வகுத்தால் 911.25. 0.32 ஆல் பெருக்கினால் 291.6. 5.05 ஆல் வகுத்தால் 57.7. வர்க்கமூலம் 7.6. எனவே குறைந்தது 8 மி.மீ. வேண்டும்.

அந்த 5.05 எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் முழுக் கணக்கின் உயிரும் அதில்தான் இருக்கிறது. சாதாரணக் கண்ணாடியின் வளைவுத் தாங்குதிறனைச் சதுர மி.மீ.க்கு 19.2 நியூட்டன் என்று வைத்து, அதைப் பாதுகாப்புக் காரணியான 3.8 ஆல் வகுத்திருக்கிறார்கள். உடையும் நிலையில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு வரைதான் கண்ணாடியை வேலை வாங்குகிறோம். இது வீண் எச்சரிக்கை அல்ல. கண்ணாடி எஃகைப்போல வளைந்து முன்னறிவிப்புக் கொடுக்காது. விளிம்பில் கண்ணுக்குத் தெரியாத நுண்கீறல்கள் எப்போதும் இருக்கும். தொடர்ந்து பாரம் இருந்தால், அதிலும் ஈரம் பட்டால், அவை மெல்ல வளரும். இன்று தாங்கும் பாரத்தையே பல ஆண்டுகள் தாங்க வேண்டுமானால் இந்த இடைவெளி கட்டாயம் வேண்டும். 3.8 ஐ 2 ஆகக் குறைத்துக் கண்ணாடிச் செலவை மிச்சம் பிடிக்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள்.

கணக்கு சொல்வதும் நான் சொல்வதும்

கடைகளில் கிடைக்கும் தடிமன்கள் 5, 6, 8, 10, 12, 15, 19 மி.மீ. எனப் படிப்படியாகப் போகும். கணக்கில் வரும் எண் இவற்றுக்கு நடுவில் விழும். எப்போதும் மேல் படிக்கு ஏறுங்கள். மேல் படிக்கு மிக அருகில் விழுந்தால் இன்னொரு படியும் ஏறுங்கள். வாங்கும் கண்ணாடியும் துல்லியமாக 8.0 இருக்காது, சில புள்ளி மி.மீ. கூடவோ குறையவோ இருப்பது ஏற்கப்பட்ட வழக்கம்.

மேலே சட்டம் இல்லாத, திறந்த தொட்டிகளுக்கு (நீளம் × உயரம், செ.மீ.):

30 × 30 உயரம்: கணக்கு 2.9, நான் போடச் சொல்வது 5 மி.மீ.
60 × 36 உயரம்: கணக்கு 5.1, 6 மி.மீ.
60 × 45 உயரம்: கணக்கு 6.4, 8 மி.மீ.
90 × 45 உயரம்: கணக்கு 7.6, 10 மி.மீ.
120 × 45 உயரம்: கணக்கு 8.0, 10 மி.மீ.
120 × 60 உயரம்: கணக்கு 11.7; 15 மி.மீ.
150 × 60 உயரம்: கணக்கு 12.2, 15 மி.மீ.

மூன்றடித் தொட்டிக்கு 8 போதுமென்று கணக்கே சொல்லும்போது ஏன் 10? வலிமை தடிமனின் வர்க்கத்தோடு கூடுகிறது. விறைப்பு அதன் கனத்தோடு, அதாவது மூன்றாம் அடுக்கோடு கூடுகிறது. 8 இலிருந்து 10 க்குப் போனால் கண்ணாடி வெளிப்பக்கம் வளைவது ஏறக்குறையப் பாதியாகிறது. வளைவு குறைந்தால் மூலைகளில் சிலிகோன் இழுபடுவதும் குறையும். வீட்டில் கட்டும் தொட்டியில் முதலில் பலவீனப்படுவது கண்ணாடியைவிட அந்த ஒட்டுதான். கைப்பழக்கம் இல்லாதவர் போட்ட ஒட்டுக்குச் சற்றுக் கூடுதல் தடிமன் பெரிய உதவி.

120 × 60 இல் 12 மி.மீ. கணக்கைத் தாண்டும், ஆனால் மயிரிழையில். 12 தான் கைக்கு எட்டும் என்றால் மேல்விளிம்பின் உட்பக்கம் நீளவாட்டில் கண்ணாடிப் பட்டைகளையும், நடுவில் குறுக்குப் பட்டை ஒன்றையும் ஒட்டுங்கள். பட்டை இருக்கிறது என்ற தைரியத்தில் 10 க்கு இறங்க வேண்டாம். பட்டையின் ஒட்டு என்றாவது விட்டாலும் கண்ணாடி தனியாகத் தாங்க வேண்டும்.

முதன்முதலாகக் கட்டுபவர் 45 செ.மீ. உயரத்தைத் தாண்ட வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. இரண்டடி நீளம், 36 செ.மீ. உயரம், 6 மி.மீ. கண்ணாடி. இது மிக நல்ல தொடக்கம்.

அடிக்கண்ணாடியும் டெம்பர் செய்த கண்ணாடியும்

தொட்டியின் அடிப்பாகம் முழுவதும் சமதளப் பலகைமீது, நடுவே மெல்லிய ஃபோம் விரிப்போடு உட்கார்ந்தால் அடிக்கண்ணாடிக்கு வளைய இடமில்லை. பக்கக் கண்ணாடியின் தடிமனே போதும். பெரிய கற்களை அடுக்கி அழகுபடுத்த நினைத்தால் ஒரு படி கூட்டுங்கள், கல்லின் கூர்முனை நேரே கண்ணாடியில் படாதபடி பிளாஸ்டிக் வலைத்தட்டு ஒன்றையும் வையுங்கள். ஓரங்களில் மட்டும் தாங்கி நடுவில் வெற்றிடம் விடும் இரும்பு ஸ்டாண்டு என்றால் மேலே சொன்ன கணக்கு அடிக்கண்ணாடிக்குப் பொருந்தாது. அதன்மேல் தடித்த ஒட்டுப்பலகை ஒன்றைப் போட்டுவிட்டுத் தொட்டியை வையுங்கள்.

டெம்பர் செய்த கண்ணாடி, அதாவது சூடாக்கிச் சட்டென்று குளிர்வித்து உறுதியாக்கிய கண்ணாடி, நாலைந்து மடங்கு வலிமையானது, மெலிதாக வாங்கிவிடலாமே என்று கேட்பார்கள். வலிமை கூடும், விறைப்பு கூடாது. 6 மி.மீ. சாதாரணக் கண்ணாடி எவ்வளவு வளையுமோ அதே அளவு 6 மி.மீ. டெம்பர் கண்ணாடியும் வளையும். ஒட்டு அதே பாடு படும். டெம்பர் செய்தபின் வெட்டவோ துளைபோடவோ முடியாது. உடைந்தால் விரிசலோடு நிற்காமல் முழுவதும் சிறு துண்டுகளாகக் கொட்டிவிடும், தண்ணீர் மொத்தமும் ஒரே நொடியில் கூடத்தில் இருக்கும். சாதாரணக் கண்ணாடியில் விரிசல் விட்டால் வாளியைத் தேட நேரம் கிடைக்கலாம். பழைய மேசைக் கண்ணாடி கிடைத்திருந்தால் அது டெம்பரா என்று பார்க்க ஒரு வழி: வெள்ளைத் திரை காட்டும் கணினிக்கு முன்னால் கண்ணாடியைப் பிடித்து, போலராய்ட் கறுப்புக் கண்ணாடி போட்டுப் பாருங்கள். புள்ளி புள்ளியாகவோ பட்டை பட்டையாகவோ நிழல் தெரிந்தால் டெம்பர் செய்தது. கீறல் விழுந்த பழைய கண்ணாடியை எந்த வகையானாலும் தொட்டிக்கு எடுக்காதீர்கள்.

இரும்புச்சத்துக் குறைந்த தெளிவான கண்ணாடி பச்சை தட்டாமல் அழகாக இருக்கும். விலை கூடும், தடிமன் கணக்கு மாறாது.

எடையும் வீட்டுத் தரையும்

கண்ணாடியின் எடையை எளிதாகப் போடலாம்: ஒரு சதுர மீட்டருக்கு, ஒவ்வொரு மி.மீ. தடிமனுக்கும் 2.5 கிலோ. 120 × 45 × 45 தொட்டியில் 10 மி.மீ. கண்ணாடி ஐந்தும் சேர்ந்து ஏறக்குறைய 50 கிலோ. தண்ணீர் 243 கிலோ. மணல், கல், ஸ்டாண்டு சேர்ந்தால் 350 ஐத் தொடும். அத்தனையும் அரைச் சதுர மீட்டர் சொச்சத்தில் நிற்கிறது.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளின் தளம் சதுர மீட்டருக்கு 150 கிலோ என்ற பயன்பாட்டுப் பாரத்துக்கு வடிவமைக்கப்படுவது. அந்த எண்ணைப் பார்த்தவுடன் பயந்துவிட வேண்டாம், அலட்சியமும் வேண்டாம். அது அறை முழுவதும் பரவிய பாரத்துக்கான அளவு. ஓரிடத்தில் குவியும் பாரத்தைத் தளம் சுற்றிலும் பகிர்ந்துகொள்ளும். எவ்வளவு பகிரும் என்பது தளத்தின் அமைப்பையும் விட்டத்தின் இருப்பிடத்தையும் பொறுத்தது. நூறு லிட்டருக்குள் என்றால் ஓரிருவர் அருகருகே நிற்கும் எடைதான். இருநூறைத் தாண்டினால் அறையின் நடுவைத் தவிர்த்து, விட்டமோ கட்டமைப்புச் சுவரோ இருக்கும் பக்கம் சுவரோரமாக வையுங்கள். பாம் ஷெல்டர் என்று நாம் சொல்லும் காப்பறையின் வெளிச்சுவர் ஓரம் நல்ல இடம். அந்தக் கான்கிரீட் சுவர்கள் மாடிக்கு மாடி ஒன்றன்மேல் ஒன்றாக இறங்குகின்றன. நானூறு லிட்டருக்கு மேல் ஆசைப்பட்டால் கண்ணாடி வாங்குவதற்கு முன் கட்டமைப்புப் பொறியாளரிடம் கேளுங்கள்.

வீட்டுக்கு வெளியே பொது நடைபாதையில் வைக்கும் யோசனை வேண்டாம். அங்கே 1.2 மீட்டர் வழி திறந்திருக்க வேண்டும் என்பது தீயணைப்பு விதி. நம் தொட்டியும் ஸ்டாண்டும் அதைத் தின்றுவிடும்.

வெட்டும் அளவை எழுதுவது

அடிக்கண்ணாடியின்மேல் நான்கு பக்கமும் நிற்கும் முறையே புதியவருக்கு எளிது. 90 × 45 × 45 தொட்டி, 10 மி.மீ. கண்ணாடி என்றால்: அடி 900 × 450, ஒன்று. முன்னும் பின்னும் 900 × 440, இரண்டு. பக்கங்கள் 428 × 440, இரண்டு. பக்கத்து அளவு எப்படி வந்தது? 450 இலிருந்து முன், பின் கண்ணாடிகளின் தடிமன் 20 போக 430. இரு முனையிலும் சிலிகோனுக்கு ஒவ்வொரு மி.மீ. விட்டால் 428. தடிமனை மாற்றினால் இந்த அளவும் மாறும் என்பதை மறந்துவிடாதீர்கள். தாளில் படம் வரைந்து, தடிமனையும் எழுதிக்கொண்டு போங்கள்.

காக்கி புக்கிட் போன்ற தொழிற்பேட்டைகளில் விசாரித்தால் கண்ணாடி வெட்டித் தருவோர் கிடைப்பார்கள். விளிம்பைத் தேய்த்துப் பாலிஷ் செய்து தரச் சொல்லுங்கள். கை அறுபடாது, நுண்கீறலும் குறையும். வாங்கும்போது ஒவ்வொரு விளிம்பையும் வெளிச்சத்தில் பாருங்கள். மூலையில் சில்லு பெயர்ந்திருந்தால் அந்தத் துண்டை ஏற்காதீர்கள். வெர்னியர் கருவி இருந்தால் தடிமனை அங்கேயே அளந்துவிடுங்கள். பிறர் பயன்படுத்திய தொட்டியை வாங்கும்போதும் இதுவே முதல் வேலை. கட்டிய தொட்டிகளை நேரில் பார்த்துத் தடிமன் ஒப்பிட விரும்பினால் சிராங்கூன் நார்த் அவென்யூ 1 பக்கமுள்ள மீன் கடைகளில் ஒரு மாலை செலவிடுங்கள்.

ஒட்டுவதும் தண்ணீர் விட்டுப் பார்ப்பதும்

சிலிகோன் வாங்கும்போது மீன் தொட்டிக்கு ஏற்றது என்று குழாயில் எழுதியிருப்பதையே எடுங்கள். குளியலறைக்கானதில் பூஞ்சணக் கொல்லி கலந்திருக்கும். மீனுக்கு அது நஞ்சு. வினிகர் வாசம் வீசும் வகை கண்ணாடியை நன்றாகப் பிடிக்கும். ஒட்டும் விளிம்புகளை அசிட்டோனால் துடைத்த பிறகு விரல் படக்கூடாது.

இந்த வகைச் சிலிகோன் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சித்தான் இறுகுகிறது. நம் ஊரில் காற்றின் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டுக்கு மேல் என்பதால் இது சாதகம். குளிர்சாதனம் ஓடும் அறையில் காற்று உலர்ந்துபோகும். சன்னல் திறந்த அறையில் வையுங்கள். ஆனால் மேல்தோல் சீக்கிரம் காய்வதை நம்பி அவசரப்படாதீர்கள். தடித்த கண்ணாடியின் ஒட்டுக்குள் ஈரம் இரு ஓரங்களிலிருந்து மட்டுமே நுழைய முடியும். 10 மி.மீ. என்றால் ஒரு வாரம் அசைக்காமல் விடுங்கள்.

பிறகு தொட்டியை அது நிரந்தரமாக இருக்கப்போகும் ஸ்டாண்டில் ஏற்றி, மட்டப்பலகையால் நான்கு திசையும் பாருங்கள். பால்கனியிலும் துணி உலர்த்தும் இடத்திலும் தரை வடிகாலை நோக்கிச் சரிந்திருக்கும். சரிவை ஸ்டாண்டின் காலில் சரிசெய்யுங்கள், தொட்டிக்கடியில் அட்டை செருகிச் சரிசெய்யக் கூடாது. ஒரு மூலை மட்டும் தூக்கி நின்றால் கண்ணாடி முறுக்கப்படும், எத்தனை மி.மீ. போட்டிருந்தாலும் முறுக்கு அதற்குப் பகை.

முதல் நாள் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர். மூட்டுகளை ஒட்டி உலர்ந்த செய்தித்தாளை விரித்து வையுங்கள்; ஒரு சொட்டு கசிந்தாலும் காட்டிக்கொடுக்கும். மறுநாள் மூன்றில் இரண்டு, அதற்கடுத்த நாள் முழுவதும். பின் ஒரு வாரம் அப்படியே நிற்கட்டும். அந்த வாரம் தொட்டியின் வாயைப் பிளாஸ்டிக் தாளால் இறுக மூடிவையுங்கள். மீனில்லாத தெளிந்த தண்ணீர், டெங்கிக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு மிகப் பிடித்த இடம், முட்டையிலிருந்து கொசுவாக ஒரு வாரமே அதற்குப் போதும். தேசிய சுற்றுப்புற வாரியத்தின் அதிகாரிகள் வந்து பார்த்தால் "சோதனைக்காக வைத்தது" என்ற விளக்கம் எடுபடாது.

கசிவு இல்லையென்றால் சோதனைத் தண்ணீரை வெளியேற்றிவிட்டு உள்ளே நன்றாகத் துடையுங்கள். புதுத் தண்ணீர் பிடிக்கும்போது நம் குழாய் நீரில் கிருமிகளைக் கொல்லச் சேர்க்கப்படும் குளோரமின் இருப்பதை நினைவில் வையுங்கள். குளோரினைப்போல இரவு முழுதும் திறந்துவைத்தால் அது போய்விடாது. குளோரமினையும் நீக்கும் என்று புட்டியில் குறிப்பிட்டிருக்கும் மருந்தைச் சேர்த்த பிறகே வடிகட்டியை ஓட விடுங்கள்.